குறைஞ்சிருக்கு

இந்த அறைக்கு இரண்டு வேறு வேறு வெள்ளை அடித்திருக்கிறார்கள். சன்னல் பக்கத்துச் சுவர் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது. உங்களுக்குப் பின்னால் இருப்பதில் துளி சாம்பல் கூடுதல். பாதியில் பெயிண்ட் தீர்ந்துபோய் வேறு டப்பா வாங்கியிருப்பார்கள். நீங்கள் தினமும் இங்கே உட்காருகிறவர், கவனித்திருக்க மாட்டீர்கள். தப்பில்லை மேடம். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது பிழைப்பு.

பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் பார்க்கிறவன் நான். ஒவ்வொரு முறை கலந்து முடித்ததும் ஒரு தகட்டில் தடவிக் காயவைத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். முன்பு விற்ற நிறமும் இதுவும் ஒன்றுதானா என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு இயந்திரமும் இருக்கிறது. இயந்திரம் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால், இயந்திரத்தைத்தான் பழுது பார்க்க அனுப்புவார்கள். அங்கே எனக்குப் பெயர் பூதக்கண்ணாடி. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டில் அந்த அளவு மரியாதை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். ஆமாம், அறிவியல்தான். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், மருத்துவர் பேசவே கூடாது என்று விடுப்பு எடுக்கச் சொன்னார். அந்த விடுப்பில் யாரோ ஒரு தோழி ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் லாவெண்டர் எண்ணெய் கொடுத்தாள். இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் தொண்டை சரியாகிவிட்டது. பெருமை முழுவதும் பாட்டிலுக்குப் போனது. வேலையை விட்டாள். சாப்பாட்டு மேசையில் பாட்டில்கள் ஏறின. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டோம்.

எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு இருந்தது. லாவெண்டர் தூக்கத்துக்கு, தலைவலிக்கு, கோபத்துக்கு, கொசுவுக்கு. எங்கள் வீட்டுக் கொசுக்கள் அந்த வாசனையில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, புத்துணர்ச்சியோடு வந்து என்னைக் கடித்தன. புதினா எண்ணெய் ஞாபக சக்திக்கு. அந்தப் பாட்டிலை எங்கே வைத்தோம் என்பதுதான் அவளுக்கு ஞாபகம் வராது. ரோஸ்மேரி என் வழுக்கைக்கு. என் வழுக்கை இப்போதும் நல்ல வாசனையோடுதான் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே மோந்து பார்க்கலாம்.

சனிக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் வகுப்பு நடக்கும். சருமமும் மனமும் என்று தலைப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வெந்நீர் கொண்டுவருவது நான். ஆறினதும் எடுத்துப் போவதும் நான். அவள் நன்றாகப் பேசுவாள் மேடம். பாடம் நடத்தின குரல் அல்லவா, எதைச் சொன்னாலும் பரீட்சையில் வரும்போல இருக்கும். உதாரணம் வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள்வாள். என் குறட்டை, என் மலச்சிக்கல், தூக்கத்தில் நான் பல்லைக் கடிப்பது, எல்லாம் அந்தக் கூடத்தில் அலசப்பட்டிருக்கிறது. பித்த வெடிப்பு விழுந்த என் குதிகாலைப் படம் பிடித்து, 'முன்' என்று எழுதித் துண்டுப் பிரசுரத்தில் போட்டாள். பக்கத்தில் 'பின்' என்று வழவழவென்று இருந்த கால் என்னுடையதில்லை. வகுப்புக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. ரோமத்தை வைத்தாவது யாராவது கண்டுபிடித்திருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றும்போது ஒரு அம்மாள் குனிந்து பார்த்து, "இதுதானா அந்தக் காலு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பிரசுரம் எப்படியோ தொழிற்சாலைக்கும் வந்து சேர்ந்தது. கொஞ்ச நாள் எல்லோரும் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு குதிகாலுக்காக யாராவது இப்படிச் செய்வார்களா? வீட்டுச் சூழ்நிலை உங்களுக்குப் புரியட்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

அவளுடைய முதுகில், இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, ஒரு மச்சம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள், "ஏங்க, முதுகுல என்னமோ அரிக்குது, என்னன்னு பாருங்க," என்றாள். பார்த்தேன். ஒரே நிறமாக இருந்த மச்சத்தில் இப்போது இரண்டு நிறம் இருந்தது. பழுப்புக்குள்ளே ஒரு நீலக் கறுப்பு. ஒரு பக்க விளிம்பு மட்டும் கசிந்து வழிந்த மாதிரி இருந்தது. சரியாகக் கலக்காத பெயிண்டில் அப்படி வரும். அப்படி வந்தால் நாங்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம்," என்றேன். இதைத் தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள். நான் ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

அவள் சிரித்தாள். "டாக்டர் என்ன பண்ணுவார்? வெட்டுவார். நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குந்திரிக்க எண்ணெய் இருக்கு. பாதாம் எண்ணெயில கலந்து தர்றேன், தினம் தேச்சு விடுங்க."

குந்திரிக்கம் என்பது ஒரு மரத்தின் பிசின். புகை போட்டால் நன்றாக மணக்கும். எண்ணெயாக எடுத்தால் செத்த செல்லுக்குக்கூட உயிர் வரும் என்று அவள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி என்று தேய்த்துவிட்டேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கை கழுவினதும் அதுதான் முதல் வேலை. அவள் கட்டிலில் குப்புறப் படுத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு விரலால் வட்டமாகத் தடவுவேன். முடித்ததும் கேட்பாள், "எப்படி இருக்கு?"

முதலில் சில நாள், "அப்படியேதான் இருக்கு," என்றேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் சரியாகத் தேய்க்கவில்லை என்றாள். அவசரப்படுகிறேன் என்றாள். நம்பிக்கையில்லாத கையால் தொட்டால் எண்ணெய் வேலை செய்யாது என்றாள். ஒரு நாள் எனக்கு நல்ல பசி. அவள் கேட்டாள். "குறைஞ்சிருக்கு," என்றேன்.

சாப்பிடப் போகலாமே என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் எழுந்து உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. "நிஜமாவா?" என்றாள். என் கன்னத்தைத் தொட்டாள். அந்த விரலிலும் எண்ணெய் வாசனைதான். இருந்தாலும் தொட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் நான் தொட்டியோடு நிற்கும்போது என்னைக் காட்டி, "எங்க வீட்டுக்காரருக்கு நிறம் பாக்கிறதுதான் தொழில். அவர் கண்ணு தப்பாது. அவரே சொல்றார்," என்றாள். பெண்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். என் காலை அல்ல, முகத்தை. ஒரு அம்மாள் நகர்ந்து எனக்கு நாற்காலி கொடுத்தாள். குதிகாலிலிருந்து கண்ணுக்குப் பதவி உயர்வு, மேடம். சம்பளம் கூடாவிட்டாலும் மனிதனுக்கு அது ஒரு திருப்திதானே.

அதற்குப் பிறகு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. தினமும் தேய்த்தேன், தினமும் சொன்னேன். குறைந்திருக்கிறது. நிறம் வெளுத்திருக்கிறது. விளிம்பு சேர்ந்துகொண்டு வருகிறது. உண்மையில் அந்த விளிம்பு என் கட்டை விரலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மேடு தட்டியிருந்தது. ஒரு பக்கம் சிவப்பு வந்தது. இன்னொரு இடத்தில் சாம்பல் வெள்ளை. அத்தனை நிறம் ஒரே இடத்தில் சேர்ந்து நான் பார்த்ததில்லை. தொழில் முறையில் சொன்னால், கவனித்துப் பார்க்க வேண்டிய விஷயம்தான். கவனித்துப் பார்த்தேன்.

நீங்கள் கேட்கலாம், அவளே பார்த்திருக்கக் கூடாதா என்று. பார்க்க முயற்சி செய்தாள். முதுகு அவரவர் கண்ணுக்கு எட்டாத இடம். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த விளக்கு மஞ்சள், அதில் எந்த நிறமும் உள்ளபடி தெரியாது என்றேன். அது பொய்யில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கைக்கண்ணாடியை மறுநாள் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு வேலைக்குத் தேவைப்பட்டது. திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டேன். போனில் படம் எடுத்துக் காட்டச் சொன்னாள். போன் கேமரா நிறத்தை மாற்றிவிடும், அதை நம்பினால் என் வேலையே போய்விடும் என்றேன். அதுவும் பொய்யில்லை. நான் சொன்னதில் பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு வார்த்தைதான் தேறும்.

ஒரு நாள் அவளே கேட்டாள். இதையும் நான் மறைக்கப் போவதில்லை. அன்றைக்குக் குப்புறப் படுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் சட்டை. முதுகுப் பக்கத்தில் ஒரு கறை.

"ஏங்க, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

குரலை மிகவும் தாழ்த்திக் கேட்டாள். அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்குப் பாடம் நடத்தின குரலா இது என்று இருந்தது. வகுப்புக்கு வருகிறவர்கள் யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயமும் அதில் இருந்தது. தெரியாத ஊரில் காட்டலாம் என்றாள். நான் சட்டையை வாங்கிப் பார்த்தேன். ரத்தம்தான். பழையதும் புதியதும்.

"எதுக்கு? ஆறி வர்ற புண்ணு பொருக்கு உதிரும்போது கொஞ்சம் கசியத்தான் செய்யும். நீயேதான வகுப்புல சொல்ற?" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப போய் விடுவியா?"

அவள் சட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் தேய்த்தேன். சட்டையை நானே துவைத்தேன். குளிர்ந்த தண்ணீரில் நனைத்தால் ரத்தக் கறை போய்விடும். அதற்கு எந்த எண்ணெயும் வேண்டாம்.

அவளுடைய தங்கை தையல்காரி. இரண்டு தெரு தள்ளிச் சின்னக் கடை வைத்திருக்கிறாள். உங்களிடம் புகார் கொடுத்தவள் அவள்தான். அக்கா வகுப்புக்குப் போட்டுக்கொள்ள ஒரு புது உடுப்புத் தைத்துவைத்திருந்தாள். போட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். முதுகுப் பக்கம் ஊசி குத்த வந்தவள் அப்படியே நின்றுவிட்டாளாம். 'அக்கா, இது என்ன?' என்று தங்கை கேட்டதற்கு, "ஓ, அதா? இப்ப ரொம்ப குறைஞ்சிருச்சு. அத்தான் தினம் பாத்துக்கிட்டுதான் இருக்கார்," என்று இவள் சொன்னாளாம். தங்கை கடையில் இருந்த இரண்டு கண்ணாடிகளை எதிரும் புதிருமாக வைத்து அக்காவை நடுவில் நிறுத்தியிருக்கிறாள். தையல் கடையில் நல்ல வெளிச்சம். பகல் வெளிச்சம்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இருக்கும். தோலில் தொடங்கினது ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. மருத்துவர் இளைஞர். இது எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது, வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார். அவள் எனக்காகப் பேசினாள். "அவரைத் திட்டாதீங்க டாக்டர். வயசாகுதுல்ல, கண்ணு மங்கியிருக்கும். அவர் என்ன பண்ணுவார்?" என்றாள்.

எனக்கு அது நல்ல விளக்கமாகத் தோன்றியது. அதனால் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கண் பரிசோதனைக்குக்கூட நேரம் கேட்டு வைத்தேன்.

கடைசி வாரங்களில் அவளுக்கு எந்த வாசனையும் ஒத்துக்கொள்ளவில்லை. தாதி ஒருத்தி கையில் பூசியிருந்த கிரீமுக்கே வாந்தி எடுத்தாள். வகுப்புப் பெண்கள் லாவெண்டர் பாட்டிலோடு பார்க்க வந்தார்கள். நான் வாங்கி வெளியே வைத்தேன். அவர்கள் எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். நான் மறுக்கவில்லை, வந்தவர்களோடு வாதாடுவது நாகரிகமில்லை.

ஒரு மத்தியானம் தங்கை சாப்பிடப் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகில் கட்டுப் போட்டிருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. கட்டுக்கு மேலே எதுவும் தெரியவில்லை. பழக்க தோஷம், வாயில் அதுதான் வந்தது. "குறைஞ்சிருக்கு," என்றேன்.

அவள் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் ஒன்றும் மங்கவில்லை. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையிடம் மட்டும் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, தங்கை வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. பாட்டில்கள் இல்லாத சாப்பாட்டு மேசையில் மூன்று நூல்கண்டுகளை வைத்தாள். மூன்றும் கறுப்பு.

"அத்தான், ஒரு உடுப்புக்குத் தைக்கணும். மூணுல ஒண்ணு மட்டும் சேரல. எதுன்னு எனக்குத் தெரியல."

அது எங்களுக்குள் புதிய விஷயமில்லை. துணிக்கு நூல் சேருகிறதா என்று அவள் எப்போதும் என்னிடம்தான் கேட்பாள். அந்தக் குடும்பத்தில் என் கண்ணை எண்ணெய்க்கு முன்பிருந்தே மதித்தவள் அவள் ஒருத்திதான். நான் யோசிக்கவே இல்லை, மேடம். நடுவில் இருந்ததைத் தொட்டேன். "இது. இதுல நீலம் இருக்கு," என்றேன். கூடத்தில் வெளிச்சம்கூட அவ்வளவாக இல்லை.

அவள் மூன்று கண்டுகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, "கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

தப்பான கண்டைத் தொட்டிருக்கலாம். அது எனக்குப் பிறகுதான் தோன்றியது. ஆனால் தெரிந்தே நிறத்தைத் தப்பாகச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது. தொழில் நாணயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நீங்கள் காலையிலிருந்து அதே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். பார்த்தது சரி, அது இன்னதென்று தெரியுமா என்று. நியாயமான கேள்வி. நான் மருத்துவம் படித்தவனில்லை. நிறம் மாறுவது தெரியும், மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் வக்கீலும் இதைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதற்கெல்லாம் ஒருவனை உள்ளே தள்ள முடியாது என்கிறார். அவர் சொல்வது சட்டப்படி சரியாகவே இருக்கலாம்.

ஆனால் நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். குறுக்கே பேசவில்லை, சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன்.

அவள் சட்டையில் கறை பட்டிருந்ததே, அதற்குப் பிறகு ஒரு நாள் முகம் மழிக்கும்போது என் கழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருப்பதைப் பார்த்தேன். எள் அளவுதான். முன்பு இருந்ததா என்று ஞாபகமில்லை. அன்றைக்கே தொழிற்சாலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். நல்ல மனிதர். விளக்கைப் போட்டு, ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்தார். சாதாரண மச்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இனிமேல் நானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினார். விளிம்பு கோணலானால், இரண்டு மூன்று நிறம் வந்தால், பெரிதானால், ரத்தம் கசிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும். சீக்கிரம் வந்தால் சின்னதாக வெட்டி எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்ளலாம். விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

நான் அந்தப் படத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அவர் கை கழுவிக்கொண்டே, "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். அவள் படுத்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. உடம்பு விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது மேடம், உடனே போய்க் காட்டிவிட்டால் மனதுக்கு எவ்வளவோ நிம்மதி.